தேர்ந்தெடுக்கப்படாதவரின் புகழும் தேர்ந்தெடுத்தவர்களின் மௌனமும்

புறக்கணிக்கப்பட்ட ஒருவர் விடாமுயற்சியால் உச்சத்தைத் தொட்டார் என்னும் கதைக்கு எல்லா நாட்டிலும் சந்தை உண்டு. அமெரிக்கக் கால்பந்து உலகில் அந்தக் கதைக்கு ஒரு தனிப் பெயரே இருக்கிறது: ‘அன்டிராஃப்டட்’, அதாவது தேர்ந்தெடுக்கப்படாதவர். அப்படிப்பட்ட வீரர் ஒருவர் புகழ்பெற்றுவிட்டால் ஊடகங்களும் தன்முன்னேற்ற நூலாசிரியர்களும் அவரை உடனே தத்தெடுத்துக்கொள்கிறார்கள். உழைத்தால் உயரலாம், கதவு எல்லோருக்கும் திறந்திருக்கிறது, இதோ சாட்சி என்கிறார்கள். இந்தச் சாட்சியம் பொய் என்பதே நமது வாதம். வீரர் பொய்யானவர் அல்லர், அவர் ஓடிய தூரமும் பொய்யன்று. அந்த ஓட்டத்திலிருந்து எடுக்கப்படும் நீதிதான் பொய்.

நாம் எடுத்துக்கொள்ளும் உதாரணம் ஏரியன் ஃபாஸ்டர். 1986-இல் நியூ மெக்சிகோ மாநிலத்தின் ஆல்புகர்க்கி நகரில், கறுப்பினத் தந்தைக்கும் மெக்சிக வம்சாவளித் தாய்க்கும் பிறந்தவர். டென்னசி பல்கலைக்கழகத்தில் தத்துவம் பயின்றவர், கவிதை எழுதியவர். எல்லைக்கோட்டைக் கடந்து புள்ளி ஈட்டியதும் தலை தாழ்த்திக் கைகூப்பி ‘நமஸ்தே’ சொல்வார். அமெரிக்க விளையாட்டரங்கில் அது விசித்திரமான காட்சியாக இருந்தது. நம் வாசகர்களில் சிலருக்கு அந்தக் கைகூப்பல் மட்டும் நினைவிருக்கக்கூடும்.

ஆட்டத்தை அறியாதவர்களுக்காகச் சில சொற்கள். ஃபாஸ்டர் ‘ரன்னிங் பேக்’ என்னும் இடத்தில் ஆடியவர். குவார்ட்டர்பேக்கின் கையிலிருந்து பந்தை வாங்கிக்கொண்டு, தம்மைவிடப் பருத்த தடுப்பாளர்களின் உடல்களுக்கு நடுவே வழி கண்டுபிடித்து ஓடுவது அவர் வேலை. எல்லைக்கோட்டைக் கடந்தாலோ ஆடுகளத்தின் ஓரத்தை விட்டு வெளியேறினாலோ ஒழிய, ஒவ்வொரு ஓட்டமும் யாரோ சிலர் அவரைத் தரையில் அடித்து வீழ்த்துவதில்தான் முடியும். பருவத்துக்கு முந்நூறு முறை இவ்வாறு விழுந்து எழுவதற்குத்தான் ஊதியம். அந்த ஊதியம் எவ்வளவு, எப்போது, எத்தனை காலத்துக்கு என்பதைத் தீர்மானிக்கும் முதல் சடங்கே ‘டிராஃப்ட்’. ஆண்டுதோறும் ஏப்ரலில் என்.எஃப்.எல். அணிகள் வரிசைப்படி கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுக்கின்றன. 1994 முதல் ஏழு சுற்றுகள். 2009-இல் 256 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டனர். ஃபாஸ்டர் அந்த 256 பேரில் இல்லை.

அவர் யாருமறியாத மூலையிலிருந்து வந்தவர் என்று எண்ணிவிடக் கூடாது. டென்னசியில் அவர் ஓடிக் கடந்த மொத்தத் தூரம் 2,964 கெஜம். அந்தப் பல்கலைக்கழகத்தின் வரலாற்றில் அப்போது அது இரண்டாவது இடம். ஆனால் கடைசி ஆண்டில் அணியும் தடுமாறியது. அவருக்குக் கிடைத்த வாய்ப்புகளும் குறைந்தன. முக்கியத் தருணங்களில் பந்தை நழுவவிடுகிறவர் என்னும் பெயர் ஒட்டிக்கொண்டது. வேகமும் தாவலும் அளக்கப்படும் தேர்வுக் களத்தில் தொடைத் தசைக் காயம் தொல்லை தந்தது. நான்கு ஆண்டு ஆட்டம் ஒரு தட்டில். ஒரு மோசமான பருவமும் ஒரு நாள் அளவீடும் மறு தட்டில். தராசு எந்தப் பக்கம் சாய்ந்தது என்பதை ஏழு சுற்றுகளும் முடிந்தபோது எல்லோரும் கண்டார்கள்.

அந்த ஆண்டு முதல் சுற்றில் எடுக்கப்பட்ட ரன்னிங் பேக்குகள் மூவர்: 12-ஆவது இடத்தில் நோஷான் மொரேனோ, 27-ஆவது இடத்தில் டொனால்ட் பிரவுன், 31-ஆவது இடத்தில் பீனி வெல்ஸ். மொரேனோவும் வெல்ஸும் தத்தம் மிகச் சிறந்த பருவத்தில் ஆயிரம் கெஜத்தைச் சற்றே தாண்டினர். பிரவுன் எந்தப் பருவத்திலும் அதைத் தொடவில்லை. ஃபாஸ்டரோ 2010-இல் 1,616 கெஜம் ஓடி லீகிலேயே முதலிடம் பெற்றார். அந்தப் பருவத்தின் முதல் ஆட்டத்தில் ஹூஸ்டன் டெக்சன்ஸ் எதிர்கொண்டது இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ் அணியை, அதாவது பிரவுனைத் தேர்ந்தெடுத்த அணியை. ஃபாஸ்டர் அன்று 33 முறை பந்தைச் சுமந்து 231 கெஜம் ஓடினார். மூன்று டச் டவுன். நியாயமாகப் பேச வேண்டுமானால், 53-ஆவது இடத்தில் எடுக்கப்பட்ட லெஷான் மெக்காய் 2013-இல் 1,607 கெஜம் ஓடி அவரும் லீகின் முதலிடத்தைப் பெற்றார் என்பதையும் சொல்ல வேண்டும். எனவே தேர்வாளர்களுக்கு எதுவுமே தெரியாது என்று நாம் சொல்லவில்லை. பல கோடி செலவிட்டு, ஆண்டு முழுவதும் ஆள் வைத்துப் பார்த்து, நிறுத்தக் கடிகாரம் பிடித்து அளந்தும் அவர்கள் தவறினார்கள் என்கிறோம். அந்தத் தவறுக்கு அவர்கள் எந்த விலையும் கொடுக்கவில்லை என்கிறோம்.

இங்கேதான் வெற்றிக்கதையின் சூழ்ச்சி தொடங்குகிறது. தவறு செய்தவர் தேர்வாளர். அதன் பலனைச் சுமந்தவர் வீரர். கதையாகச் சொல்லப்படும்போது அந்தத் தவறு காணாமற்போய், அவ்விடத்தில் வீரரின் ‘மனவுறுதி’ வந்து அமர்கிறது. புறக்கணிப்பே அவரைப் பட்டை தீட்டியது என்று எழுதுகிறார்கள். புறக்கணித்தவருக்கு இதைவிட வசதியான தீர்ப்பு வேறு என்ன இருக்க முடியும்? அநீதி செய்தவன் ஆசானாகிவிடுகிறான்.

கதையிலிருந்து இன்னொன்றும் காணாமற்போகிறது: தற்செயல். 2009-இல் ஃபாஸ்டர் ஹூஸ்டனின் பயிற்சிக் குழுவில்தான் இருந்தார். நவம்பரில்தான் முதன்மை அணிக்குள் வந்தார். 2010 டிராஃப்டின் இரண்டாம் சுற்றில், 58-ஆவது தேர்வாக, ஹூஸ்டன் இன்னொரு ரன்னிங் பேக்கான பென் டேட்டை எடுத்தது. பருவத்துக்கு முந்தைய ஆட்டத்திலேயே டேட்டுக்குக் கணுக்காலில் கடும் காயம் ஏற்பட்டு, அந்தப் பருவம் முழுவதும் அவர் வெளியே இருக்க நேர்ந்தது. டேட் நலமாக இருந்திருந்தால் ஃபாஸ்டர் தோற்றிருப்பார் என்று நாம் சொல்ல மாட்டோம். அவர் திறமை எப்படியும் வெளிப்பட்டிருக்கலாம். ஆனால் 33 முறை பந்து கையில் கிடைக்காதவரால் 231 கெஜம் ஓட முடியாது. வாய்ப்பு என்பது திறமைக்கு வெளியே இருக்கும் ஒன்று. அதைக் கையில் வைத்திருப்பவர் யார் என்னும் கேள்வியை எழுப்பாத எந்த வெற்றிக்கதையும் அரைக்கதைதான்.

‘அன்டிராஃப்டட்’ வீரர்கள் பலரின் வாழ்வை அருகருகே வைத்துப் பார்த்தால் ஓர் ஒழுங்கு புலப்படும். பிரீஸ்ட் ஹோம்ஸ் 1997-இல் தேர்ந்தெடுக்கப்படாமல் பால்டிமோர் ரேவன்ஸில் சேர்ந்தார். 1998-இல் 1,008 கெஜம் ஓடினார். 2000-இல் அந்த அணி டிராஃப்டின் 5-ஆவது தேர்வாக ஜமால் லூயிஸை எடுத்தது. ஹோம்ஸ் பின்னுக்குத் தள்ளப்பட்டார். 2001-இல் கான்சாஸ் சிட்டிக்குப் போய் 1,555 கெஜத்துடன் லீகின் முதலிடத்தைப் பிடித்தார். 2003-இல் ஓடியே 27 டச் டவுன் எடுத்தார். ஃபிலிப் லின்ட்சே டென்வர் அணிக்காக 2018-இலும் 2019-இலும் ஆயிரம் கெஜத்தைத் தாண்டினார். 2020-இல் அவ்வணி பெருந்தொகை கொடுத்து மெல்வின் கோர்டனைக் கொண்டுவந்தது; 2021-இல் லின்ட்சே வெளியேறினார். ஜேம்ஸ் ராபின்சன் 2020-இல் ஜாக்சன்வில் அணிக்காகத் தம் முதல் பருவத்திலேயே 1,070 கெஜம் ஓடினார். அடுத்த ஏப்ரலில் அந்த அணி முதல் சுற்றில், 25-ஆவது இடத்தில், டிராவிஸ் எட்டியனை எடுத்தது. 2021 டிசம்பரில் ராபின்சனுக்குக் குதிகால் நரம்பு அறுந்தது. 2022 அக்டோபரில் அவர் வேறு அணிக்கு மாற்றப்பட்டார்.

மூன்று காலம், மூன்று நகரம், ஒரே நிகழ்வு. தேர்ந்தெடுக்கப்படாதவர் ஆடிக் காட்டுகிறார். அணியோ அவர் இடத்துக்கு விலை கூடிய ஒருவரைத் தேடுகிறது. முதலில் எழுதப்பட்ட தீர்ப்பை எத்தனை கெஜம் ஓடினாலும் அழிக்க முடிவதில்லை. கதவு எல்லோருக்கும் திறந்திருக்கிறது என்பவர்கள், உள்ளே வந்தவருக்கு நாற்காலி தரப்பட்டதா என்று பார்ப்பதில்லை.

பணத்தைப் பற்றிப் பேசாமல் இந்த விவாதம் முடியாது. தேர்ந்தெடுக்கப்படாத வீரர் குறைந்தபட்ச ஊதியத்தை ஒட்டிய தொகைக்கு வருகிறார். டிராஃப்டில் எடுக்கப்படுபவருக்குத் தன் முதலாளியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை இல்லை; எடுக்கப்படாதவருக்கு அந்த உரிமை இருக்கிறது என்று சிலர் சுட்டுவார்கள். உண்மைதான். ஆனால் அந்தச் சுதந்திரத்தின் ஆயுள் ஒரு கையெழுத்துவரைதான். மூன்று பருவங்கள் நிறைவுறாத வீரரைப் பழைய அணி குறைந்தபட்சத் தொகை நீட்டி நிறுத்திவைக்கலாம். அதை ஏற்க வேண்டும், இல்லையேல் ஆடாமல் இருக்க வேண்டும். லீகிலேயே அதிகத் தூரம் ஓடிய 2010-இலும் ஃபாஸ்டர் ஏறக்குறைய அந்த நிலையில்தான் இருந்தார். 2012 மார்ச்சில்தான் அவருக்கு ஐந்தாண்டுக்கு 4 கோடியே 35 லட்சம் டாலர் ஒப்பந்தம் கிடைத்தது.

இவ்வளவு பெரிய தொகை பெற்றவருக்கு நாம் ஏன் வாதாட வேண்டும் என்று நண்பர்கள் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. ஃபாஸ்டர் ஏழையாக முடியவில்லை. அவர்மீது இரக்கம் கோருவது நமது நோக்கமும் அன்று. ஆனால் அந்த ஒப்பந்தத்தின் கணக்கைப் பார்க்க வேண்டும். 2010, 2011, 2012 ஆகிய மூன்று பருவங்களில் அவர் முறையே 327, 278, 351 முறை, ஆக மொத்தம் 956 முறை, பந்தைச் சுமந்தார். பந்தைப் பிடித்து ஓடியதும் இறுதிச் சுற்றுகளும் இதில் சேரா. 2013-இல் முதுகு அறுவை சிகிச்சை. எட்டு ஆட்டங்களோடு பருவம் முடிந்தது. 2014-இல் மீண்டு வந்து 1,246 கெஜம் ஓடினார். 2015-இல் முதலில் இடுப்புத் தசைக் காயம், அக்டோபரில் குதிகால் நரம்பு அறுந்தது. 2016 மார்ச்சில், ஒப்பந்தத்தில் ஓராண்டு மீதமிருக்கும்போதே, ஹூஸ்டன் அவரை விடுவித்தது. அந்தக் கோடையில் மயாமி அணியில் சேர்ந்தவர், அக்டோபர் 24 அன்று பருவத்தின் நடுவிலேயே ஓய்வை அறிவித்தார். வயது 30. ஹூஸ்டனுக்காக அவர் ஓடியது 6,472 கெஜம். செய்தித்தாளில் அச்சாகும் பெருந்தொகையில் வீரருக்கு உறுதியாவது ஒரு பகுதிதான். மீதியை உடல் தாக்குப்பிடிக்கும்வரைதான் எண்ணலாம். அந்த உடலை மலிவு விலைக்காலத்தில் தேய்த்துவிட்டு, விலை உயரும்போது ‘தேய்ந்துவிட்டது’ என்று கழித்துக் கட்டுவதே இந்த ஆட்டிடத்தின் பொருளாதாரம்.

அந்த உடலின்மீது எத்தனை பேர் பந்தயம் கட்டியிருந்தார்கள் என்பதற்கும் அவர் வாழ்வே சான்று. 2011 ஆகஸ்டில் அவருக்குத் தொடைத் தசைக் காயம் ஏற்பட்டபோது, கற்பனை அணிகளில் அவரைச் சேர்த்து வைத்திருந்த ரசிகர்கள் தங்கள் புள்ளிகளைப் பற்றிக் கவலைப்பட்டுக் கேள்வி எழுப்பினார்கள். உண்மையான அக்கறையுடன் கேட்டவர்களுக்கு நன்றியும், புள்ளிக்காகக் கேட்டவர்களுக்குக் கண்டனமும் தெரிவித்துப் பதில் எழுதினார் ஃபாஸ்டர். 2013 அக்டோபரில் ஃபேன்டெக்ஸ் என்னும் நிறுவனம் இன்னும் ஒரு படி மேலே போயிற்று. அவர் பெயரால் வரும் வருமானத்தில் 20 விழுக்காட்டை 1 கோடி டாலருக்கு வாங்கி, அதைப் பங்குகளாகப் பொதுமக்களுக்கு விற்கத் திட்டமிட்டது. அடுத்த மாதமே முதுகுக் காயம். பங்கு விற்பனை தள்ளிப்போடப்பட்டது. இதற்கு ஃபாஸ்டரும் உடன்பட்டிருந்தார் என்பதை நாம் மறைக்க விரும்பவில்லை. தம் உடல் எத்தனை காலம் ஓடும் என்று அறியாத ஒருவர், அது ஓடும்போதே விற்க முன்வந்ததில் நமக்கு வியப்பில்லை. ஒரு முதுகெலும்பின் நலம் பங்குச் சந்தை அறிவிப்பாகலாம் என்பதை எவரும் அதிர்ச்சியோடு பார்க்கவில்லையே என்பதுதான் வியப்பு.

அவரைப் பற்றிய கதையில் மிகக் குறைவாகச் சொல்லப்படும் பகுதி அவர் கல்லூரி நாட்களைப் பற்றியது. டென்னசியின் நேலண்ட் அரங்கம் ஒரு லட்சம் பேருக்கு மேல் அமரக்கூடியது. கல்லூரி விளையாட்டின் வணிகத்தைப் பற்றி 2013-இல் வெளிவந்த ஓர் ஆவணப்படத்தில் ஃபாஸ்டர் பேசினார். ஆட்டம் முடிந்து வெளியே வந்தால் நூற்றுக்கணக்கானோர் கையெழுத்துக்குக் காத்திருப்பார்கள். கையெழுத்திட்டு, படமெடுத்துக்கொண்டு அறைக்குத் திரும்பினால் குளிர்பெட்டியில் உண்ண எதுவும் இருக்காது என்றார். பசிக்கிறது, பணமில்லை என்று பயிற்சியாளரிடம் முறையிட, அவர் வீரர் நால்வர் ஐவருக்காக ஐம்பது டாக்கோக்கள் வாங்கி வந்ததையும், அதுகூட விதிமீறல் என்பதையும் சொன்னார். கடைசி ஆண்டில் தாம் பணம் பெற்றதையும் ஒப்புக்கொண்டார். உடனே விவாதம் கிளம்பிற்று. அவர் பசித்திருந்தது ஏன் என்று கேட்டவர்களைவிட, அவர் விதியை மீறியது சரியா என்று கேட்டவர்களின் குரலே ஓங்கியது.

அந்த விதி பிறகு என்னவாயிற்று? 2021 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஆல்ஸ்டன் வழக்கில், ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்து, கல்லூரி விளையாட்டுச் சங்கமான என்.சி.ஏ.ஏ.வுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு ஜூலை முதல் மாணவ வீரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் கொண்டு பொருளீட்ட அனுமதி கிடைத்தது. 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற ஓர் உடன்பாட்டின்படி, பல்கலைக்கழகங்களே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம் என்றாயிற்று. முதல் ஆண்டுக்கு ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் உச்சவரம்பு சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர். ஃபாஸ்டர் குற்றம்போல ஒப்புக்கொண்டது பன்னிரண்டே ஆண்டுகளில் சட்டபூர்வமான வழக்கமாகிவிட்டது. அன்று அவரை நெறி தவறியவர் என்று எழுதியவர்களில் எத்தனை பேர் இதைக் கண்டு தங்கள் சொல்லைத் திரும்பப் பெற்றார்கள் என்று நாம் கேட்க மாட்டோம். விடை நமக்குத் தெரியும்.

‘அன்டிராஃப்டட்’ கதையின் மிகக் கொடிய பயன் ஒன்று உண்டு. அது ஒருவரைப் புகழ்ந்து மற்றெல்லாருடைய விலையையும் குறைக்கிறது. தேர்ந்தெடுக்கப்படாத ஒருவரே 1,616 கெஜம் ஓட முடியுமென்றால், ரன்னிங் பேக்குக்கு எதற்குப் பணம் என்னும் தர்க்கம் அணி நிர்வாகங்களில் வேரூன்றிற்று. ஃபாஸ்டரின் வெற்றி, ஹோம்ஸின் வெற்றி, லின்ட்சேயின் வெற்றி ஆகிய எல்லாமே, அந்த இடத்தில் யாரை வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்பதற்கு ஆதாரங்களாகப் படிக்கப்பட்டன. அதிசயம் என்று கொண்டாடப்பட்டவர்களே மலிவுக்குச் சான்றாக்கப்பட்டார்கள்.

இதை உணர்ந்து செயற்பட்டவரும் தேர்ந்தெடுக்கப்படாத ஒருவரே என்பது நமக்கு ஆறுதல். ஆஸ்டின் எக்கலர் 2017-இல் டிராஃப்டில் இடம்பெறாமல் சார்ஜர்ஸ் அணிக்கு வந்தவர். 2021-இல் 20, 2022-இல் 18 டச் டவுன் எடுத்தவர். 2023-இல் உரிய ஊதியம் கேட்டார். வேறு அணிக்கு மாற அனுமதியும் கேட்டார். கிடைத்தது சில ஊக்கத்தொகைகள் மட்டுமே. அவ்வாண்டு ஜூலையில் சாக்குவான் பார்க்லி, ஜாஷ் ஜேக்கப்ஸ் போன்றோருக்கும் நீண்ட கால ஒப்பந்தம் மறுக்கப்பட்டபோது, லீகின் ரன்னிங் பேக்குகளை இணையவழிக் கூட்டத்தில் கூட்டியவர் எக்கலர். அந்தக் கூட்டத்தால் விதிகள் மாறிவிடவில்லை. ஆனால் தனிமனித மனவுறுதியைப் பாடும் கதைக்கு மாறாக அவர் ஒன்றைச் செய்தார்: தம்மை விதிவிலக்காகக் கருதாமல், வரிசையில் ஒருவராக வைத்துப் பேசினார்.

2024-இல் பார்க்லி ஃபிலடெல்ஃபியாவுக்காக 2,005 கெஜம் ஓடியதையும், 2025 மார்ச்சில் ஆண்டுக்குச் சராசரியாக 2 கோடி டாலரைத் தாண்டிய ஒப்பந்தம் பெற்றதையும் காட்டி, சந்தை தன்னைத்தானே திருத்திக்கொண்டது என்று வாதிடுவோர் உண்டு. பார்க்லி 2018 டிராஃப்டில் இரண்டாவதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் என்பதை அவர்களுக்கு நினைவூட்டினால் போதும்.

நாமும் தேர்வு செய்கிறவர்கள்தாம். இருபதாண்டுகளாக விடைத்தாள்களில் எண்களை எழுதிவருகிறோம். ஒரு நாள் காய்ச்சலை, ஒரு மோசமான பருவத்தை, ஒரு மாணவரின் முழு அளவாகக் கொண்டு எத்தனை முறை தவறியிருப்போம் என்பதை எண்ணிப் பார்க்கவே அச்சமாக இருக்கிறது. நாம் குறைத்து மதிப்பிட்ட மாணவர் பின்னாளில் உயர்ந்து வந்து நிற்கும்போது, ‘உங்கள் கண்டிப்புதான் என்னை உயர்த்தியது’ என்று அவர் சொல்லக் கேட்டு மகிழ்ந்ததும் உண்டு. இனி அந்த மகிழ்ச்சி நமக்கு வேண்டாம். அவர் உயர்ந்தது அவருடையது, தவறு நம்முடையது. உயராமற்போன மற்றவர்களின் பெயர்கள் நமக்கு நினைவில்லை என்பதே நம்மீதான குற்றச்சாட்டு.

2009-இல் ஃபாஸ்டரைப் போலவே ஏழு சுற்றுகளும் முடியும்வரை காத்திருந்து, அழைப்பு வராமல், ஏதோவொரு அணியின் பயிற்சி முகாமில் சில வாரங்கள் ஓடிவிட்டு வீடு திரும்பியவர்கள் பலர். அவர்களுக்கு மனவுறுதி இல்லையென்று எவர் அளந்தார்? ஃபாஸ்டரின் கதையை வகுப்பறையில் சொல்வோர் சொல்லட்டும். பென் டேட்டின் கணுக்காலையும், வெறுமையாய்க் கிடந்த குளிர்பெட்டியையும், 956 ஓட்டங்களையும், 2016 மார்ச்சில் வந்த விடுவிப்பையும் சேர்த்துச் சொல்லட்டும். அப்போது கேட்பவர்கள் ‘நானும் அவரைப்போல் ஆவேன்’ என்று சொல்லாமல், ‘அவரைத் தேர்ந்தெடுக்காதவர்கள் யார்?’ என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் கடமை அணிகளுக்கும் உண்டு, நமக்கும் உண்டு.